குற்றம் குறைய உரிமைகளை அடகு வைக்கத்தான் வேண்டுமா?

நெடுங்கிள்ளி (இழையைத் தொடங்கியவர்)

கொடூரமான கொலை ஒன்று செய்தியில் வந்துவிட்டால் போதும், அடுத்த நாளே எல்லாக் குழுக்களிலும் ஒரே குரல்: விசாரணை எதற்கு, பிடித்த இடத்திலேயே சுட்டுத் தள்ளுங்கள். அந்தக் கோபம் எனக்கும் வருகிறது. ஆனால் கோபம் ஆறிய பிறகும் அதையே கொள்கையாகப் பேசுகிறார்களே, அதைப் பற்றித்தான் இந்த இழை.

குற்றத்தை அடக்குவதையும் மனித உரிமையையும் தராசின் இரண்டு தட்டுகளாக வைத்துப் பேசிப் பழகிவிட்டோம். ஒன்று ஏறினால் மற்றது இறங்குமாம். எனக்கு அந்தக் கணக்கே தப்பாகப் படுகிறது. கைதானவருக்கு வக்கீல் வேண்டும், குறித்த நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும், அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்கிற விதிகளைக் குற்றவாளிக்குக் கொடுத்த சலுகையாகப் பார்க்கிறோம். சரியான ஆளைப் பிடித்தோமா என்று உறுதி செய்துகொள்ள நமக்கு இருக்கும் வழியே அவைதான்.

1764-இல் இத்தாலியின் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா எழுதியது இன்னும் பழசாகவில்லை. தண்டனையின் கொடுமையைவிட, தப்பிக்க முடியாது என்கிற நிச்சயம்தான் குற்றத்தைத் தடுக்கும் என்றார். அதன் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே பக்கம்தான் சாய்கின்றன. அப்படியானால் நாம் கேட்க வேண்டியது எத்தனை ஆண்டு உள்ளே போட்டோம் என்பதை அல்ல. நடந்த குற்றங்களில் எத்தனைக்கு உண்மையான ஆள் பிடிபட்டான் என்பதைத்தான்.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள். எதிர்க்கருத்து இருந்தால் இன்னும் நல்லது.

மருதன்

நண்பரே, எல்லாம் சரி. என் வீட்டுப் பூட்டை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு போனார்கள். புகார் கொடுக்கப் போனால், திருட்டு என்று எழுதாதீர்கள், காணாமல் போய்விட்டது என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். அப்புறம் போன் எடுக்கக்கூட ஆளில்லை.

நாளைக்கே அந்தத் திருடன் பிடிபட்டால் அவனுக்கு வக்கீல் வைக்க அரசாங்கம் பணம் கொடுக்கும், சாப்பாடு போடும். என் மனைவி இன்னமும் இரவில் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவள் உரிமையைப் பற்றி எந்த உடன்படிக்கையில் எழுதியிருக்கிறது?

சுடர்

மருதன் அண்ணா சொன்னதே என் கருத்தும். உரிமை பேசுகிறவர்கள் வீட்டில் ஓர் இழப்பு நடந்தால்தான் வலி தெரியும்.

வழக்காடி

சுடர், நான் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவன். இழந்தவர்களோடும் உட்கார்ந்திருக்கிறேன், குற்றம் சாட்டப்பட்டவர்களோடும் உட்கார்ந்திருக்கிறேன். நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

கொலை வழக்கு ஒன்று தோற்றுப்போனால் ‘சட்டத்தின் ஓட்டை’ என்று செய்தி வரும். உள்ளே பார்த்தால் கதை வேறு. கைது செய்த நேரம் பதிவேட்டில் ஒன்று, மருத்துவர் கொடுத்த சீட்டில் வேறொன்று. கத்தியைப் புதரிலிருந்து எடுத்ததாக மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதும் பறிமுதல் பதிவு) இருக்கும். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கூண்டில் ஏறி, ‘ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள், நான் அந்தப் பக்கமே போகவில்லை’ என்பார். அத்தோடு வழக்கு முடிந்தது. வாக்குமூலம்தான் கைக்கு வந்துவிட்டதே என்று கைரேகை எடுக்கவில்லை, செல்போன் கோபுரப் பதிவைக் கேட்கவில்லை, பக்கத்துக் கட்டட சிசிடிவி பதிவு அழிந்து போகும்வரை யாரும் போய்ப் பார்க்கவில்லை. அடி கொடுத்துக் கதை வாங்கும் பழக்கம் வந்துவிட்டால், துப்புத் துலக்கும் பழக்கம் போய்விடும். இதை எத்தனையோ கோப்புகளில் பார்த்துவிட்டேன்.

கில்ட்ஃபோர்டு வழக்கு தெரியுமா? 1974 அக்டோபரில் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு ஊரில் மதுக்கூடங்களில் ஐஆர்ஏ என்கிற அயர்லாந்து ஆயுதக் குழு குண்டு வைத்து ஐந்து பேர் செத்தார்கள். நாடே கொதித்தது. சில வாரங்களில் நான்கு பேரைப் பிடித்து வாக்குமூலம் வாங்கி, 1975-இல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் குண்டு வைத்த உண்மையான ஆட்கள் வெளியேதான் இருந்தார்கள். 1975-லும் அவர்கள் தாக்குதல் நடத்தினார்கள், கொன்றார்கள். அந்த டிசம்பரில் லண்டன் பால்கம் தெருவில் ஆறு நாள் முற்றுகைக்குப் பிறகுதான் பிடிபட்டார்கள். கில்ட்ஃபோர்டில் குண்டு வைத்தது நாங்கள்தான், அந்த நால்வரும் அப்பாவிகள் என்று அவர்களே சொல்லியும், நால்வரும் வெளியே வர 1989 ஆகிவிட்டது.

அந்த நால்வருக்கு நடந்த அநியாயத்தை எல்லோரும் பேசுகிறோம். தப்பான ஆளை உள்ளே வைத்ததால், அதற்குப் பிறகு செத்தவர்களைப் பற்றி யார் பேசுகிறோம்? நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கும் இப்படித்தான். 1989 ஏப்ரலில் ஒரு பெண் தாக்கப்பட்டதற்குப் பதின்ம வயதுப் பையன்கள் ஐந்து பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். உண்மையில் செய்தவன் அதே கோடையில் மேலும் பெண்களைத் தாக்கி, ஒருவரைக் கொன்றும் விட்டான். டிஎன்ஏ சோதனை உண்மையைச் சொன்னது 2002-இல்.

மருதன் ஐயா, திருடனுக்கு அரசு வக்கீல் வைப்பது எதற்கு என்று கேட்டீர்கள். உங்கள் நகையை எடுக்காத ஒருவனை நிறுத்திவைத்துக் கோப்பை மூடிவிடாமல் இருக்கத்தான். கோப்பு மூடப்பட்டால் உண்மையான திருடனை அப்புறம் யாரும் தேடப் போவதில்லை.

கடலோடி

இதெல்லாம் ஒற்றை வழக்குகள். ஒரு நாடே ரவுடிகள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரைப் பாருங்கள். 2015-இல் லட்சம் பேருக்கு நூறு கொலைக்கு மேல். தெரு மாறி நடந்தாலே உயிர் போகும், கடை போட்டால் கும்பலுக்குக் கப்பம் கட்ட வேண்டும். 2022 மார்ச் கடைசியில் மூன்றே நாளில் 87 கொலை. அதிபர் புகேலே அவசரநிலை அறிவித்தார், 80,000 பேருக்கு மேல் உள்ளே போட்டார். 2024-இல் அரசுக் கணக்குப்படி லட்சத்துக்கு 1.9 கொலை. பிள்ளைகள் இருட்டின பிறகும் தெருவில் விளையாடுகிறார்கள். மக்கள் அவருக்கே மறுபடியும் அள்ளி அள்ளி வாக்குப் போட்டார்கள். அதுவும் ஜனநாயகம்தானே? உயிரோடு இருப்பதைவிடப் பெரிய உரிமை எது?

நெடுங்கிள்ளி

கடலோடி, இந்த இழையில் வர வேண்டிய கேள்வியே இதுதான். இதைத் தட்டிக் கழிக்க எனக்கு மனமில்லை. கப்பம் கட்டாமல் கடை திறக்கிற ஒரு தாயிடம் போய் ‘உங்கள் நிம்மதி செல்லாது’ என்று நான் சொல்ல மாட்டேன். கும்பல்களின் பிடி உடைந்தது உண்மை. மக்கள் ஆதரவும் உண்மை.

ஆனால் அதை முழுசாகப் பார்க்க வேண்டும். 2015-இல் நூறைத் தாண்டிய விகிதம், 2021-லேயே 18 அளவுக்கு இறங்கிவிட்டது. அதாவது இறக்கத்தின் பெரும்பகுதி அவசரநிலைக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. போலீஸோடு மோதலில் செத்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் இன்றைய கொலைக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. குற்றச்சாட்டே இல்லாமல் 72 மணி நேரம் வைத்திருக்கலாம் என்று இருந்ததை 15 நாளாக்கினார்கள். நூற்றுக்கணக்கானவர்களை ஒரே வழக்கில் சேர்த்து விசாரிக்கச் சட்டம் மாற்றினார்கள். சுமார் 8,000 அப்பாவிகளை விடுவித்திருக்கிறோம் என்று புகேலேயே சொன்னார். அவர்கள் எல்லோருக்கும் வீடு இருந்தது, வேலை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். சிறையில் செத்தவர்களும் உண்டு.

அடுத்தது, அதிகாரம் எந்தப் பக்கம் போகிறது என்பது. 2021 மே மாதம் அரசியல் சாசன நீதிபதிகளை நீக்கினார்கள். அதிபரின் அடுத்தடுத்த பதவிக்காலத்துக்குச் சாசனத்தில் இருந்த தடையை, புதிதாக வந்த நீதிபதிகள் விளக்கம் சொல்லியே தாண்டவிட்டார்கள். 2025-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், அரசு ஊழலைத் தோண்டிக்கொண்டிருந்த மனித உரிமை வழக்கறிஞர் ஒருவரையே கைது செய்தார்கள். முப்பது நாளுக்கு என்று அறிவித்த அவசரநிலை மாதாமாதம் நீட்டிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. ரவுடிக்காகக் கட்டிய சிறைக்கதவு ரவுடிக்கு மட்டுமே திறக்கும் என்று யாராலும் உறுதி தர முடியவில்லை.

முன்னாள் சோவியத் நாடான ஜார்ஜியாவையும் சேர்த்துப் பாருங்கள். ஆட்சியை மாற்றிய 2003 ரோஜாப் புரட்சிக்குப் பிறகு லஞ்சத்தில் ஊறிய போக்குவரத்துப் போலீஸ் மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புது ஆட்களை எடுத்தார்கள். அது அருமையான வேலை. மக்கள் போலீஸை நம்ப ஆரம்பித்தார்கள். அதோடு நின்றிருக்கலாம். சின்னக் குற்றத்துக்கும் சிறை என்று போய்ச் சிறைகளை நிரப்பினார்கள். 2012 செப்டம்பரில் சிறைச் சித்திரவதைக் காணொளிகள் வெளியே வந்தன, அடுத்த மாதமே ஆட்சி போனது. அங்கே தேர்தல் உயிரோடு இருந்ததால் அது நடந்தது. தப்பைத் திருத்திக்கொள்ளும் அந்த வழி எல் சால்வடோரில் இன்று எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் என் கவலை.

வழக்காடி

ஒரு நாடே கும்பல் கையில் இருந்தால் என்ன செய்வது என்று கடலோடி கேட்டாரே, இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போவோம்.

1980-களின் தொடக்கத்தில் அதன் தலைநகர் பலெர்மோவில் மாஃபியா நீதிபதிகளையும் போலீஸ் அதிகாரிகளையும் வரிசையாகக் கொன்றது. ஃபால்கோனே, போர்செல்லினோ போன்ற விசாரணை நீதிபதிகள் என்ன செய்தார்கள்? வங்கிக் காசோலைகளைத் தேடித் தேடிப் பணம் போன வழியைப் பின்தொடர்ந்தார்கள். புஷெட்டா என்று ஒரு பழைய மாஃபியாக்காரர் இருந்தார். பிரேசிலில் முன்பு அவரைச் சித்திரவதை செய்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதே மனிதர் 1984-இல் ஃபால்கோனே முன்னால் உட்கார்ந்து, அமைப்பு எப்படி இயங்குகிறது, யார் யாருக்குக் கட்டளை போடுகிறார்கள் என்று அத்தனையும் சொன்னார். ஃபால்கோனே ஒவ்வொன்றையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார், வேறு ஆதாரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்.

1986 பிப்ரவரியில் உச்சியார்தோனே சிறையை ஒட்டிக் கட்டிய நீதிமன்றத்தில் மாபெரும் விசாரணை தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நானூறு பேருக்கு மேல். எல்லோருக்கும் வக்கீல், திறந்த நீதிமன்றம், குறுக்கு விசாரணை. 1987 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 338 பேருக்குத் தண்டனை, 114 பேர் விடுதலை. அந்த 114-ஐத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். ஆதாரம் போதாதவர்களை விட்டார்கள். அப்படிப் பிரித்துப் பார்த்துக் கொடுத்த தீர்ப்பு என்பதால், 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றம்வரை போய் நின்றது. மாஃபியாவுக்கு அதுவரை அப்படி ஒரு அடி விழுந்ததில்லை. அந்த ஆண்டு மே மாதம் ஃபால்கோனேயையும் ஜூலையில் போர்செல்லினோவையும் குண்டு வைத்துக் கொன்றார்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 1993 ஜனவரியில் தலைவன் ரீனா பிடிபட்டான். பறிமுதல் செய்த சொத்துகளைப் பொதுக் காரியத்துக்குக் கொடுக்க 1996-இல் சட்டம் வந்தது.

அங்கேயும் மாஃபியாத் தலைவர்களை யாரோடும் பேசவிடாமல் வைக்கும் கடுமையான சிறை விதி உண்டு, அதைப் பற்றி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சண்டை நடந்தது. நடக்கட்டும். கடுமை எதுவரை போகலாம் என்று ஒரு நீதிமன்றம் கேட்கிற நிலை இருந்தால் போதும்.

கடலோடி

இத்தாலி கதை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஃபால்கோனே மாதிரி நீதிபதிகள் இருந்தார்கள். நீதிபதியையே கும்பல் விலைக்கு வாங்கிவிட்ட நாட்டில் இந்த வழி எத்தனை ஆண்டு பிடிக்கும்? அத்தனை ஆண்டும் சாகிறவர்களுக்கு என்ன பதில்? இந்த ஓர் இடத்தில் எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

கயல்

அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானதுதான். அதற்கு முழுப் பதில் என்னிடமும் இல்லை. ஆனால் இந்த இழையில் இதுவரை எல்லோரும் குற்றம் நடந்த பிறகு என்ன செய்வது என்றே பேசுகிறீர்கள். நான் இளைஞர்களோடு வேலை செய்கிறவள். நடப்பதற்கு முன்னால் செய்யக்கூடியதைப் பற்றிச் சொல்ல ஆசை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் கொலைத் தலைநகரம் என்று பேர் வாங்கியிருந்தது. பையன்கள் தெருக்கணக்கில் பிரிந்து கத்தியோடு மோதிக்கொள்வார்கள். 2005-இல் அங்கே போலீஸ்துறைக்குள்ளேயே வன்முறைக் குறைப்புப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வன்முறையை ஒரு தொற்றுநோயாகப் பார்த்து, எங்கிருந்து பரவுகிறது என்று தேடினார்கள்.

2008-இல் அவர்கள் செய்த ஒன்று என் மனதை விட்டுப் போகவே இல்லை. சண்டைக் குழுப் பையன்களை நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். குற்றவாளியாக அல்ல, வந்து கேட்டுவிட்டுப் போங்கள் என்று. நீதிபதி இருக்கையில் இருக்கிறார். முதலில் போலீஸ் அதிகாரி எழுந்து, நீங்கள் யார் யார், யாரோடு சுற்றுகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும், இனி ஒருவன் கத்தி எடுத்தால் மொத்தக் குழுவையும் தேடி வருவோம் என்றார். அடுத்து அறுவை மருத்துவர், கத்திக்காயத்தை எப்படித் தைக்கிறேன், தைத்த பிறகு முகம் எப்படி இருக்கும் என்று விளக்கினார். பிறகு ஒரு தாய், வெட்டுப்பட்ட தன் பிள்ளையைப் பற்றிப் பேசினார். போலீஸ் மிரட்டலுக்கு அசையாத பையன்கள் அந்த அம்மா பேசும்போது தலையைக் குனிந்துகொண்டார்களாம். கடைசியில், இதிலிருந்து வெளியே வர நினைத்தால் இந்த எண்ணுக்குப் போன் பண்ணுங்கள், படிப்போ வேலையோ நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எச்சரிக்கையும் நிஜம், உதவியும் நிஜம். இதற்கு முன்னோடி 1990-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் கொலை எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. எல்லாப் பெருமையும் இந்த ஒரு திட்டத்துக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யாருடைய உரிமையையும் பறிக்காமல் அது நடந்தது.

இன்னும் சாதாரண விஷயங்களும் உண்டு. நியூயார்க்கில் 2016-இல் அரசுக் குடியிருப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பெரிய விளக்குகள் வைத்தார்கள். வெளியிடங்களில் இரவில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. ஃபிலடெல்ஃபியாவில் குப்பை மண்டிய காலி மனைகளைச் சுத்தம் செய்து புல் போட்டார்கள், ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை குறைந்தது. விளக்குப் போடுவதற்கு எந்த அவசரநிலையும் வேண்டாம்.

சுடர்

கயல் சொன்ன அந்த அம்மா பேசிய இடத்தை இரண்டு தடவை படித்தேன். நன்றி.

ஓய்வுபெற்றவன்

நான் துப்பறியும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெளியே இருப்பவர்கள் நினைப்பதுபோல் வழக்கைக் கண்டுபிடிப்பது போலீஸ் அல்ல, மக்கள்தான். யாரோ ஒருவர் அந்த வண்டி எண்ணைப் பார்த்திருப்பார். பக்கத்து வீட்டு அம்மா சத்தம் கேட்டிருப்பார். அவர் வந்து சொன்னால் வழக்கு நகரும், சொல்லாவிட்டால் நின்றுவிடும். அந்த அம்மாவுடைய மகனைப் போன மாதம் சும்மா நிறுத்தி, கன்னத்தில் அறைந்து அனுப்பியிருந்தால் அவர் வாயைத் திறப்பாரா? கதவைத் தட்டினால் ‘நான் தூங்கிட்டேன் சார், ஒண்ணும் தெரியாது’ என்பார். ஓர் அறை கொடுத்த காவலருக்கு அது அன்றே மறந்துபோயிருக்கும். அதன் விலையை நாங்கள் கொலை வழக்கில் கொடுப்போம்.

நியூயார்க்கில் தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதிப்பதை ஒரு பெரிய ஆயுதமாக வைத்திருந்தார்கள். 2011-இல் மட்டும் சுமார் 6,85,000 தடவை. பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். பத்தில் ஒன்பது பேரிடம் ஒன்றும் இல்லை, அப்படியே விட்டார்கள். 2013-இல் அது நடத்தப்பட்ட விதம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. நகரமே ரத்தக்களறியாகும் என்று பயமுறுத்தினார்கள். சோதனைகள் சில பத்தாயிரங்களுக்குள் சுருங்கின. 2011-இல் 515 ஆக இருந்த கொலைகள் 2017-இல் 292.

ரோந்தும் அப்படித்தான். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1972–73-இல் சில பகுதிகளில் ரோந்தை நிறுத்தியும், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காக்கியும் பார்த்தார்கள். குற்றத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மாறாக இன்னொரு அமெரிக்க நகரமான மினியாபொலிஸில் எண்ணிப் பார்த்தபோது, போலீஸுக்கு வரும் அழைப்புகளில் பாதி, மொத்த முகவரிகளில் சுமார் மூன்று சதவீதத்திலிருந்தே வந்தன. அந்த இடங்களில் கவனம் வைத்தால் போதும், ஊரையே சந்தேகப்பட வேண்டியதில்லை.

மருதன், உங்களை ‘காணாமல் போனது’ என்று எழுதச் சொன்னார்களே, அது எங்கள் துறையின் பழைய வியாதி. மேலிடம் குற்ற எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டு என்று நெருக்கினால், கீழே இருப்பவர்கள் குற்றத்தைக் குறைக்க மாட்டார்கள், புகாரைக் குறைப்பார்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 2014-இல் ஆய்வு செய்தபோது, போலீஸிடம் சொல்லப்பட்ட குற்றங்களில் சுமார் 19 சதவீதம் பதிவே ஆகவில்லை என்று தெரிந்தது. அதனால்தான் போலீஸ் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. வீடு வீடாகப் போய் ‘கடந்த ஆண்டு உங்களுக்கு என்ன நடந்தது’ என்று கேட்கும் கணக்கெடுப்பு வேண்டும். அமெரிக்காவில் 1973 முதல், பிரிட்டனில் 1982 முதல் செய்கிறார்கள். அந்த எண்ணை வெளியிட ஆட்சியாளர் பயப்படாத நாட்டில்தான் அதைச் செய்ய முடியும்.

மருதன்

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது ஓர் ஆறுதல். தப்பு என் மேல் இல்லை என்றாவது தெரிந்தது. வழக்காடி சொன்னதும் புரிகிறது, எவனையோ பிடித்து அடித்து என் வழக்கை முடித்துவிட்டார்கள் என்றால் என் மனைவிக்குத் தூக்கம் வந்துவிடாது. ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. பிடிபட்டவனுக்கு இத்தனை விதி எழுதி வைத்திருக்கிறார்கள். பறிகொடுத்தவனுக்கு என்ன விதி?

வழக்காடி

நியாயமான கேள்வி, மருதன் ஐயா. நீண்ட காலம் அதற்குப் பதில் இல்லாமல்தான் இருந்தது. பறிகொடுத்தவரை வெறும் சாட்சியாகத்தான் சட்டம் பார்த்தது. 1985-இல் ஐ.நா. பொதுச்சபை பாதிக்கப்பட்டவர்களுக்கான பிரகடனம் ஒன்றை நிறைவேற்றியது. அதைவிடத் தெளிவாக, 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதி இருக்கிறது. புகார் கொடுத்தால் எழுத்துமூலம் ஒப்புகை வாங்க உரிமை. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உரிமை. வழக்குத் தொடரப் போவதில்லை என்று முடிவெடுத்தால், அதை மறுபரிசீலனை செய்யச் சொல்ல உரிமை. பயம், தூக்கமின்மை மாதிரியானவற்றுக்கு உதவி மையங்கள், அதுவும் இலவசமாக. நீங்கள் புகாரே கொடுக்காவிட்டாலும் அந்த உதவி உண்டு.

மருதன்

மறுபரிசீலனை என்றால் யாரிடம்? அதே ஸ்டேஷனிலா?

வழக்காடி

நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பொதுவாக, அந்த முடிவை எடுத்தவரே மறுபடி பார்க்கக் கூடாது, அவருக்கு மேலே இருப்பவரோ வேறு அமைப்போ பார்க்க வேண்டும் என்பதுதான் கொள்கை. நாம் எங்கே இருந்தாலும் கேட்க வேண்டியது அதைத்தான். உங்கள் புகாரின் நகல் கையில் இருக்கிறதா? இருந்தால் தேதியைப் பாருங்கள், தனிமடலில் பேசுவோம்.